முன்னால்

கல்சொய் தீவின் மேற்குப் பக்கத்தில்
நிலம் சொல்லிக்கொள்ளாமல் முடிகிறது.
புல், புல், இன்னும் கொஞ்சம் புல்,
அப்புறம் முந்நூறு மீட்டர் கீழே கடல்.

அக்டோபர். ஆடு திரட்டும் நாள்.
பதினேழு பேரும் நான்கு நாய்களும் மலைமேல்.
ரன்வாவின் கையில் மஞ்சள் ஜிபிஎஸ்,
கடையில் இருந்ததிலேயே மலிவானது.
அண்ணன் ஹெக்னியுடையது அதற்கு அடுத்த ரகம்:
எழுநூறு குரோனர் கூடுதல்,
உள்ளே மின்திசைகாட்டி.

வீண் செலவு என்று
ஏப்ரலிலிருந்து சொல்லிவந்தாள்.
நடந்தால் என் அம்பும்தான் திரும்புகிறது,
நடக்காதவன் எதற்கு மலையேற வேண்டும்?
உன்னுடையது பேட்டரியைத் தின்கிறது,
பேட்டரி மாற்றினால் கோபித்துக்கொள்கிறது,
அதைச் சமாதானம் செய்ய
மேய்ச்சல் நடுவே தட்டாமாலை சுற்றுகிறாய்.
ஆடுகள் வேடிக்கை பார்க்கின்றன.

இரண்டேகாலுக்கு மூடுபனி இறங்கியது.
இறங்கியது என்பது தவறு,
கடலிலிருந்து ஏறியது.
அந்த நேரம் பார்த்து
இடக்காதில் வெட்டடையாளமுள்ள கிழட்டு ஆடு ஒன்று
கூட்டத்திலிருந்து தெறித்தோட,
அதன் பின்னால் ஓடிச் சறுக்கி
இரண்டு முறை உருண்டு
எழுந்து நின்றாள்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பது
அந்த நிமிடத்தில் உலகில் யாருக்கும் தெரியாது.

எங்கே நிற்கிறாள் என்பது தெரியும்.
பதினொரு செயற்கைக்கோள்கள் கூடிப் பேசி
புள்ளி வைத்துவிட்டன,
மூன்று நான்கு மீட்டர் முன்பின்னாக.
விளிம்புக்கோடு திரையில் புள்ளிக்குப் பக்கத்தில்,
நடுவே ஒரு நகக்கண் இடம்.
இடம் புரண்டு வலம் திரும்பிப் பார்த்தாள்.
அம்பும் அவளோடு திரும்பியது.
எப்படி நின்றாலும் முன்னால் என்றது,
முதலாளிக்கு ஆமாம் போடும் கணக்குப்பிள்ளையைப் போல.

பத்தடி நட, சொல்கிறேன் என்றது கருவி.
சொல், நடக்கிறேன் என்றாள் அவள்.

வடக்கிருந்து உயிர்விட்ட அரசர்கள் உண்டு.
ரன்வாவுக்கு அவர்களைத் தெரியாது,
எனக்குத்தான் இந்த வரியில் நினைவு வருகிறது:
சாவதற்கு உட்காருமுன்
வடக்கு எதுவென்று அவர்களும்
யாரையாவது கேட்டிருப்பார்கள்.

வாக்கிடாக்கியில் ஹெக்னி.
"என் அம்பு இதோ கிழக்கு என்கிறது."
"சரி."
"இந்தப் பாறைப் பக்கம் போனால் தள்ளாடுகிறது.
கல்லில் இரும்பு இருக்கிறது."
"சரி."
"என் கிழக்கை உனக்கு எப்படி அனுப்புவது?"
அதற்கு இருவரிடமும் பதில் இல்லை.
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

கடற்பறவைகள் கத்தின,
கீழேயிருந்தா பின்னாலிருந்தா என்று
பனி சொல்ல விடவில்லை.
உட்கார்ந்தாள். புல்லைத் தடவினாள்.
தான் உருண்டு வந்த தடம் ஈரமாய்ப் படுத்துக்கிடந்தது,
ஒரு பாயளவு அகலம்.
அதன்மேலேயே தவழ்ந்தாள்,
முழங்கை, முழங்கால், முழங்கை.
தவழ்வதை நடையாக எண்ணவில்லை கருவி.
அம்பு அசையவேயில்லை.
பனி சற்று மெலிந்த இடத்தில்
எழுந்து ஏழெட்டு எட்டு வைத்த பிறகுதான்
தூக்கத்திலிருந்து உதறி எழுந்ததுபோல்
சுழன்று நின்றது.
கடல் முதுகுக்குப் பின்னால்.

இரவு, கொட்டிலில்,
கத்தியைத் தீட்டிக்கொண்டே ஹெக்னி கேட்டான்:
"இப்போது சொல். வேண்டுமா, வேண்டாமா?"
"நடக்க வேண்டாம்.
நிற்க வேண்டும்."

அடுத்த வாரம் கிளாக்ஸ்விக் போனவள்
ஜிபிஎஸ் அடுக்கைத் தாண்டிப் போய்
தொண்ணூறு குரோனருக்கு
சாதாரண ஊசித் திசைகாட்டி வாங்கினாள்.
மஞ்சள் கருவியோடு சேர்த்து
ஒரே கயிற்றில் கழுத்தில் தொங்குகிறது.
ஒட்டி வைக்காதே, ஊசி கெட்டுவிடும் என்றான் ஹெக்னி.
கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டுத்
தள்ளி வைத்தாள்.

கணக்கில் ஒரு ஆடு குறைகிறது,
இடக்காதில் வெட்டுள்ளது.
எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டார்கள்.

முன்னால், என்றாள்.